ஓசியில ஒரு கூரையாமா!

என்ன கண்ணு, டல்லாசுக்கு வடக்கால பிரிஸ்கோவுல ஊடு வாங்கிட்டியாமா? பால் காய்ச்சற போட்டோ வாட்சப்புல வந்துது. சமையக்கட்டு மேடைக்கு இத்தாலிக் கல்லாம். கதவு மூஞ்சியப் பாத்தே தொறக்குமாம். நல்லது, நல்லது. கெழவன் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. தலைக்கு மேல கெடக்கற கூரைக்கு என்ன வயசு?

பாரு, முழிக்கறே. மேடைக் கல்லுக்கு ஊரு தெரியுது. மண்டைக்கு மேல இருக்கறதுக்கு வயசு தெரியல.

நான் மகன் ஊட்டுக்கு வந்தா ஆறு மாசம் தெண்டத்துக்கு உக்காந்திருக்கறவன். காலையில நடக்கறேன், சாயங்காலம் நடக்கறேன், நடுவால தெருவை வேடிக்கை பாக்கறேன். வேல இல்லாதவன் கண்ணுக்குத்தான் எல்லாம் படும். இந்தச் சீமையில மார்ச்சு பொறந்தா ஜூன் முடியற மட்டும் வானம் கல்லெறியும். நம்ம பவானி, கோபிப் பக்கம் சித்திரை மழையில எப்பவாச்சும் நாலு ஆலங்கட்டி விழுந்தா, சின்னதுக ஓடிப்போயிப் பொறுக்கி வாயில போட்டுக்கும். இங்க வாயைத் தொறந்துட்டு நின்னா பல்லு மிஞ்சாது.

கதை உடறேன்னு நெனைக்காதே. 1995 மே 5-ந் தேதி போர்ட் வொர்த்துல மேபெஸ்ட்னு ஒரு நோம்பி. சனம் வெட்டவெளியில ஆடிப்பாடிட்டு இருந்துது. சாப்ட்பால் தண்டி கல்லு விழுந்து நூறு பேருக்கு மேல அடி. 2021 ஏப்ரலுல இதே டெக்சாசுல ஹோண்டோங்கற ஊருல ஆறு அங்குலத்துக்கும் மேல ஒரு கல்லு. தெக்கு டகோட்டாவுல விவியன்னு ஒரு சின்ன ஊரு, அங்க 2010 ஜூலையில விழுந்தது எட்டு அங்குலம், முக்கா கிலோவுக்கு மேல எடை. அமெரிக்காக்காரனுக்குத்தான் இந்தக் கெரகம்னும் நெனைச்சுக்காதே. 1888-ல நம்ம நாட்டு மொராதாபாத்துல ஆலங்கட்டி விழுந்து 246 பேரு செத்திருக்காங்க. இங்க வானிலை ஆபீசுக்காரன் ஒரு அங்குலக் கல்லு விழுந்தாலே கடும் புயல்னு கணக்குல வெச்சுக்கறான். உன்ற கூரைக்கும் ஏறக்குறைய அங்கிருந்துதான் சீக்கு ஆரம்பம்.

கூரைன்னு சொல்றேனே, ஓடா அது, கான்கிரீட்டா? தாரும் கண்ணாடி நாரும் கலந்து, மேல கல்லுப்பொடியைத் தூவுன அட்டை. சிங்கிள்னு சொல்றாங்க. பலகை மேல ஆணி அடிச்சு அடுக்கி வெச்சிருக்கு. கல்லு விழுந்தா ஓடு ஒடையற சத்தம் கேக்காது. பொடி உதிரும், அட்டை உள்ளுக்குள்ள கன்றிப் போகும். ஊட்டுக்குள்ள ஒழுகறதுக்கு ஒரு வருசமோ ரெண்டு வருசமோ ஆகலாம். அதுவரைக்கும் கூரை நல்லாத்தான் இருக்குன்னு நீயும் நெட்பிளிக்ஸ் பாத்துட்டு இருப்பே.

மழை விட்ட மறுநாள் காலையில தெருவைப் பாக்கணுமே! விடியறதுக்குள்ள பத்துப் பிக்கப்பு வண்டி. பாதி வண்டியில வேற மாநிலத்து நம்பரு. இஸ்திரி போட்ட டீசர்ட்டு, கையில ஐபேடு, தோளுல ட்ரோன். "சார், ஓசியில உங்க கூரையப் பரிசோதிச்சுத் தர்றோம்." அரை மணி நேரத்துல, "சார், ஓசியிலயே புதுக் கூரையும் போட்டுத் தர்றோம். இன்சூரன்சுக்காரன் குடுத்துருவான். நீங்க ஒரு பைசா போட வேண்டாம். இங்க ஒரு கையெழுத்து." நீ எம்.எஸ். படிச்சவன். அங்க கம்பெனியில ஒரு மவுசு வாங்கறதுக்கு மூணு பேருகிட்ட ஒப்புதல் கேக்கறவன். வாசப்படியில நின்னுட்டு விரலாலயே கையெழுத்துப் போட்டுட்டே.

ஏப்பா, ஓசின்னா நம்ம ஆளுகளுக்கு அறிவு எங்க போகுது? அந்தக் கையெழுத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சியா? "இன்சூரன்சு எவ்வளவு குடுத்தாலும் அந்த வேல எங்களுக்கே"ன்னு இருக்கும். உடு, ஒரு நல்ல சேதி. ஊட்டு வாசல்ல வந்து வித்தவன்கிட்டப் போட்ட ஒப்பந்தத்தை மூணு வேல நாளுக்குள்ள ரத்து பண்ண நாட்டுச் சட்டத்துலயே எடம் இருக்கு. எழுதிக் குடுத்தாப் போதும். இன்னொண்ணு, டெக்சாசுல முடி வெட்டறவனுக்கு லைசென்சு வேணும். கூரை போடறவனுக்கு மாநில லைசென்சு கட்டாயம் இல்ல. ஏணியும் வண்டியும் இருந்தா அவன் கூரைக்காரன். அதனால இதே ஊருல எத்தனை வருசமா இருக்கான், அவனுக்கு இன்சூரன்சு இருக்குதா, போன வருசம் போட்ட கூரை நாலு காட்டுவானா, இதைக் கேளு. ட்ரோன் எத்தனை மெகாபிக்சல்னு கேக்காதே.

"டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம் சார்"னு ஒருத்தன் சொல்லுவான் பாரு, அவனை மட்டும் காபி குடுக்காம அனுப்பிரு. டிடக்டிபிள்ங்கறது உன்ற கைக்காசு. இன்சூரன்சுக்காரன் குடுக்கறதுக்கு முன்னால நீ போட வேண்டிய பங்கு. அதைத் தள்ளுபடி பண்றேன், ஏத்துக்கறேன்னு கூரைக்காரன் சொல்றது 2019 செப்டம்பர் 1-ல இருந்து இந்த மாநிலத்துல குத்தம். செயிலு வரைக்கும் போகும். நீ கைக்காசு கட்டுனதுக்கு அத்தாட்சி காட்டுன்னு இன்சூரன்சுக்காரன் கேக்கலாம். அப்ப நீ என்ன காட்டுவே, அவன் குடுத்த டீசர்ட்டையா?

சரி, பட்ஜெட்டுன்னு என்னமோ எக்செல்லுல போட்டு வெச்சிருக்கியாமா. காட்டு பாக்கலாம். அடேங்கப்பா, எத்தனை கலரு! ஆலங்கட்டி வர்றதுக்கு முன்னாடி போனு கத்தறதுக்கு ஒரு ஆப்பு, மாசச் சந்தா. சிங்கிள் சாம்பிள் அட்டை. தண்ணித் தகரத்துக்குத் தாமிரப் பூச்சு. கூரைக்குன்னு ஒரே ஒரு வரி, "இன்சூரன்சு பாத்துக்கும்." அந்த ஒத்தை வரிக்கு இத்தனை கலரா சாமி?

மொதல்ல கூரைய அளக்கணும். மூவாயிரம் சதுரடி ஊடுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டுத் திரியறே. கூரையும் மூவாயிரமா? உன்ற ஊடு மாடி. மாடி ஊட்டுக்குக் கூரை சுருக்கம். காரு நிக்கற எடம், எரவாரம் எல்லாம் சேத்துக் கீழ இருந்து பாத்தா ரெண்டாயிரம் சதுரடின்னு வையி. ஆனா கூரை படுத்துக் கெடக்கல, சாஞ்சு நிக்குது. பன்னண்டு அடிக்கு ஆறு அடி ஏத்தம் இருந்தா, ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து இருநூத்தி முப்பத்தாறு ஆயிரும். மூலை முடுக்குல வெட்டிப் போடற சேதாரம் பத்துல ஒரு பங்கு. ஏறக்குறைய ரெண்டாயிரத்து ஐநூறு. இங்க கூரைக்காரன் நூறு சதுரடிய ஒரு ஸ்கொயர்னு சொல்லுவான். ஆக இருவத்தஞ்சு ஸ்கொயர். ஸ்கொயருக்கு அறுநூறு டாலருன்னு, சும்மா கணக்குக்கு, வெச்சுக்குவோம். வெல ஊருக்கு ஊரு மாறும், புயலுக்குப் புயல் மாறும். பதினஞ்சாயிரம் டாலரு. இந்தக் கணக்கை நீயே போட்டு வெச்சிருந்தா, ஒருத்தன் வந்து முப்பத்தெட்டு ஸ்கொயர்னு சொல்றப்ப ஏன்னு கேக்கலாம். இல்லாட்டித் தலையாட்டத்தான் முடியும்.

பதினஞ்சாயிரம்னு ஒரே தொகையா எழுதித் தந்தா வாங்காதே. பழசைப் பிரிக்கறது, குப்பை அள்ளறது, அடியில விரிக்கற தாளு, ஓரத்துத் தகடு, குழாயைச் சுத்தியிருக்கற ரப்பரு, முகட்டுல காத்துப் போற வழி, எல்லாம் தனித்தனியா எழுதச் சொல்லு. முக்கியமா அடிப்பலகை. நாலுக்கு எட்டடிப் பலகை, இத்துப் போயிருந்தா மாத்தணும். எத்தனை இத்திருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும், அது நாயம்தான். ஆனா ஒரு பலகைக்கு என்ன வெலைன்னு முன்னாடியே எழுதி வாங்கலாமில்ல? பிரிச்சுப் போட்டு, அண்ணாந்தா வானம் தெரியறப்ப எவன் பேரம் பேசுவான்? வேல முடிஞ்சதும் காந்தத்தை உருட்டி ஆணி பொறுக்கிக் குடுக்கறதையும் எழுதிக்கோ. இல்லாட்டி உன்ற காரு டயரு பொறுக்கும். பணத்தை மொத்தமா முன்னாலயே நீட்டாதே. அதைச் சொல்லித்தான் தெரியணுமா?

இப்ப அந்த "இன்சூரன்சு பாத்துக்கும்"ங்கற வரிக்கு வருவோம். பாலிசியில மொதப் பக்கத்தை எடு. என்னது, பாஸ்வேர்டு மறந்து போச்சா? மூஞ்சியப் பாத்துத் தொறக்காதா அது?

காத்துக்கும் ஆலங்கட்டிக்கும் தனியா ஒரு டிடக்டிபிள் இருக்கும். ஒரு சதவீதம், ரெண்டு சதவீதம்னு போட்டிருக்கும். ரெண்டுதானேன்னு நீ உட்டுட்டே. எதுல ரெண்டு? கூரைச் செலவு பதினஞ்சாயிரத்துல ரெண்டு, முந்நூறு டாலருன்னு நெனைச்சே இல்ல? அங்கதான் உன்ற படிப்பு படுத்துக்கிச்சு. ஊட்டை எவ்வளவுக்கு இன்சூரன்சு பண்ணியிருக்கியோ அதுல ரெண்டு. நாலு லட்சம் டாலருக்குப் பண்ணியிருந்தா எட்டாயிரம். கேட்டுதா? பதினஞ்சாயிரம் ரூவாக் கூரையில... ரூவான்னு வாயில வந்துருச்சு, டாலரு... எட்டாயிரம் உன்ற கைக்காசு. பாதிக்கு மேல நீயே போடறே. அப்பறம் என்ன ஓசி? வருசா வருசம் ஊட்டு இன்சூரன்சுத் தொகை ஏறும். சதவீதம் அங்கயே உக்காந்திருக்கும், எட்டாயிரம் மட்டும் சத்தமில்லாம எட்டாயிரத்து ஐநூறு, ஒம்பதாயிரம்னு நகந்துட்டே இருக்கும்.

ஒரு சதவீதத்துக்கு மாத்திக்கலாமான்னு கேப்பே. மாத்தலாம், பிரீமியம் எச்சாகும். எவ்வளவு எச்சுன்னு கேட்டு, மிச்சமாகற நாலாயிரத்தை அதால வகு. வருசத்துக்கு நானூறு எச்சுன்னா பத்து வருசம் கட்டினாத்தான் சமம். ஆயிரம் எச்சுன்னா நாலே வருசத்துல சமம் ஆயிரும், அதுக்கப்பறம் கட்டறதெல்லாம் நட்டம். உன்ற தெருவுல எத்தனை வருசத்துக்கு ஒருக்கா கூரை மாத்தறாங்கன்னு பக்கத்தூட்டுப் பாட்டிகிட்டக் கேளு. முப்பது வருசமா அங்க குடியிருக்கறவ. நீ அவளுக்கு ஒரு ஹாய் சொல்லியிருப்பியா?

இதைவிடப் பெரிய சங்கதி தேய்மானம். பாலிசி ரெண்டு சாதி. ஒண்ணு, புதுசு போட என்ன ஆகுமோ அதைக் குடுக்கறது. இன்னொண்ணு, பழசுக்கு இன்னிக்கு என்ன மதிப்போ அதை மட்டும் குடுக்கறது. உன்ற கூரைக்குப் பத்து வருசம் ஆச்சு, இருவது வருசம் உழைக்கற சரக்குன்னு அவன் கணக்குப் போட்டா, பதினஞ்சாயிரத்துல பாதி தேஞ்சு போச்சு. மிச்சம் ஏழாயிரத்து ஐநூறு. அதுல உன்ற எட்டாயிரத்தைக் கழி. என்ன வருது? கழிக்கவே முடியல இல்ல? பழைய மதிப்புப் பாலிசிக்காரனுக்கு வர்றது அதுதான், சுழி. புது வெலைப் பாலிசியா இருந்தாலும் மொதல்ல சுழிதான். உன்ற காசைப் போட்டு வேலைய முடிச்சு, பில்லைக் காட்டினதுக்கு அப்பறம் ஏழாயிரம் வரும். அதுவரைக்கும் கூரைக்காரன் உன்ற கழுத்துமேல உக்காந்திருப்பான்.

இதுல ஒரு கூத்து. நீ வாங்கறப்ப புது வெலைப் பாலிசியா இருக்கும். கூரைக்கு வயசானதும், புதுப்பிக்கற காயிதத்தோட கூடவே இன்னொரு காயிதம் வந்து, கூரைக்கு மட்டும் பழைய மதிப்புன்னு மாறலாம். அந்தக் காயிதத்தைப் படிப்பியா? நீ காயிதம் வேண்டாம், மரம் வெட்டக் கூடாது, மெயிலு போதும்னு டிக் அடிச்சவனாச்சே. மெயிலுல பீட்சாக் கூப்பனுக்கு அடியில அது தூங்கிட்டு இருக்கும். செக்கு வந்தாலும் அதுல உன்ற பேரு மட்டும் இருக்காது, கடன் குடுத்த பேங்குக்காரன் பேரும் இருக்கும். அவன் கையெழுத்து வாங்கற மட்டும் மாத்த முடியாது. அந்த நாளையும் கணக்குல சேத்துக்கோ.

நாலாம் வகுப்புச் சிங்கிள்னு ஒண்ணு விக்கறாங்களே, அது வாங்கலாமான்னு உன்ற சிநேகிதன் கேட்டான். நாலாம் வகுப்புன்னா நான் படிச்ச படிப்புன்னு நெனைச்சேன். அது யூஎல் 2218னு ஒரு பரிச்சை. ரெண்டு அங்குல இரும்புக் குண்டை இருவது அடி ஒசரத்துல இருந்து ஒரே எடத்துல ரெண்டு தடவை போடுவாங்க. அட்டை கிழியலைன்னா நாலாம் வகுப்பு பாஸு. நல்ல சரக்குதான், நான் கொறை சொல்லல. ஆனா வானத்துல இருந்து விழுகறது இரும்பு இல்லியே. அதனால தெக்கு கரோலினாவுல ரிச்பர்க்னு ஒரு ஊருல, ஐபிஎச்எஸ்னு இன்சூரன்சுக்காரங்களே நடத்தற ஆராய்ச்சிக்கூடம் ஐஸ் உருண்டையை அடிச்சுப் பாத்து, 2019-ல இருந்து எந்தச் சிங்கிள் எப்படித் தாங்குதுன்னு மார்க்குப் போடுது. காசில்லாமப் பாக்கலாம். விளம்பரத்தைப் பாக்கற நேரத்துல அதைப் பாரு.

நாலாம் வகுப்புப் போட்டா பிரீமியத்துல தள்ளுபடி தர்ற கம்பெனி டெக்சாசுல நெறைய. எவ்வளவுன்னு எழுத்துல கேளு. கூடவே, "அழகு கெட்டா குடுக்க மாட்டோம், ஒழுகினாத்தான் குடுப்போம்"னு ஒரு வரி சேத்துருவாங்களான்னும் கேளு. தகரக் கூரை போடறவன் இதை ரெண்டு தடவை கேக்கணும். அம்மைத்தழும்பு விழுந்த கூரையப் பாத்து வருசம் முச்சூடும் பெருமூச்சு உட்டுட்டு இருக்கறதுக்கா தகரம் போட்டே?

அப்பறம் உங்க காலனிச் சங்கம். கெரகம் புடிச்ச சங்கம்! கூரைக் கலருக்கு அவங்க ஒப்புதல் வேணுமாம். காஞ்ச மரக் கலரா, ஈரக் கல்லுக் கலரான்னு புருசனும் பொண்டாட்டியும் ஒரு வாரமாப் பேசலியாமே? தெருவுல நின்னு பாத்தா ரெண்டும் ஒரே சாம்பலாத்தான் தெரியுது. வெளுத்த கலரா எடு, ஆகஸ்டு வெயிலுக்குச் சித்தத் தேவலை. சங்கத்துக்காரன் நாலாம் வகுப்பே வேண்டாம்னு மறிச்சா, மத்த ஊட்டுக் கூரையோட ஒத்துப் போற அட்டையா இருந்தா அவனால அப்படித் தடுக்க முடியாதுன்னு மாநிலச் சட்டத்தைக் காட்டு.

கல்லு விழுந்தன்னிக்கு ஏணி போட்டு மேல ஏறாதே. கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். உனக்கு ரெண்டும் வேண்டாம். கீழயே நின்னு பாரு. தபால் பெட்டி சொட்டையாச்சா? ஏசி மெசினோட தகடு மடங்கிருச்சா? தண்ணி எறங்கற குழாய்க்கு அடியில கருப்புப் பொடி குமிஞ்சிருக்கா? இருந்தா தேதி போட்டுப் போட்டோ எடுத்து வெய்யி. எத்தனை நாளுக்குள்ள கேக்கணும்னு பாலிசியில இருக்கும், ரெண்டு வருசம் தூங்கிட்டுப் போயி நின்னா கதவைச் சாத்திருவான். கேட்டா அவன் ஆளு வருவான். பத்துக்குப் பத்தடி சதுரம் போட்டு, சாக்பீசுல அடியெல்லாம் வட்டம் போட்டு எண்ணுவான். அன்னிக்கு நீ நம்பற கூரைக்காரனும் பக்கத்துல நிக்கட்டும். ஆனா சேதம் உன்ற எட்டாயிரத்துக்குள்ளதான்னு தெரிஞ்சா கேக்கவே போகாதே. ஒரு சல்லி வராது, கேட்டது மட்டும் ஏழு வருசம் வரைக்கும் பதிவுல நிக்கலாம்.

நம்மூருல ஓட்டு ஊடு வெச்சிருந்தவன் எவனும் எக்செல்லு போடல. ஐப்பசி மழை வரும்னு தெரியும். ஆவணி, புரட்டாசியில ஆளை உட்டு ஓட்டைப் பிரிச்சு, ஒடஞ்சதை மாத்தி, அடுக்கி வெச்சுருவான். அந்தக் காசை மஞ்ச வித்தப்பவே எடுத்து அட்டாலி மேல கலயத்துல போட்டு வெச்சிருப்பான். வர்றது தெரிஞ்ச செலவுக்கு எவனாச்சும் பதறுவானா? இங்கயும் கல்லு வரும்னு தெரியுது. உன்ற எட்டாயிரத்தைப் பத்து வருசத்துல சேக்கணும்னா மாசம் அறுவத்தேழு டாலரு. கூரைக்கு ஏற்கனவே வயசாயிருச்சுன்னா அஞ்சு வருசம்தான் தவணை, மாசம் நூத்தி முப்பத்து மூணு. பழைய மதிப்புப் பாலிசின்னா முழுப் பதினஞ்சாயிரமும் உன்ற தலையில, அதே அஞ்சு வருசத்துக்கு மாசம் எரநூத்தி அம்பது. அந்தக் காசுக்குன்னு தனிக் கணக்கு தொற. ஷேர் மார்க்கெட்டுல போட்டுப் பெருக்கறேன்னு கெளம்பாதே. கல்லு விழுகற அன்னிக்கு மார்க்கெட்டு மேல இருக்கும்னு உனக்கு எந்தச் சாமி சொன்னது? அந்தப் போனு கத்தற ஆப்பு சந்தாவை நிறுத்தினாலே தவணையில ஒரு பங்கு வந்துருமே. அது கத்தினா நீ என்ன, கூரையச் சுருட்டி உள்ள வெக்கப் போறியா?

இரு, பெல்லு அடிக்குது பாரு. ஐபேடு வெச்சிருக்கானா? நீ போகாதே, உன்ற விரலு சும்மா இருக்காது. என்ற பெரியவருகிட்டப் பேசுன்னு சொல்லி என்னை முன்னால உடு. எனக்கு இங்கிலீசு வராது, அவனுக்குத் தமிழு வராது. கால் மணி நேரம் நாயம் பேசிட்டு அவனாவே போயிருவான்.